களவெடுத்த கறிவேப்பிலையும் பெனடிக்ற்றின் இளையவளும்

ஓடிப்போகவில்லை. முதலில் அந்தச் சொல்லை வாயிலிருந்து எடுங்கள், மிச்சத்தைப் பிறகு கதைக்கலாம். ஓடிப்போகிறவள் பெட்டியை அடுக்கி, வீட்டில் எல்லாரும் தடக்கி விழுகிற மாதிரி நடுக்கூடத்தில் கிழமைக்கணக்காக வைத்திருப்பாளா? போகிற வழியில் தபால்காரனுக்குக்கூடப் புது முகவரி சொல்லிவிட்டுப் போவாளா?

இலண்டன் மோர்டன் கடையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டே குமுதினி மூன்று கதை சொல்லியிருக்கிறாள். பெனடிக்ற்றின் இளையவள் கிளறிற்றா புல்லுப் படித்தவளாம். கோயில் சனம் முழுவதையும் கள்ளராக்கினவளாம். பிறகு ஒரு பெடியனோடு ஹவுன்ஸ்லோவுக்கு ஓடினவளாம். முதலாவது பாதி சரி. இரண்டாவது முழுக்கச் சரி, ஆனால் அதில் கிளறிற்றாவின் பிழை ஒன்றும் இல்லை. மூன்றாவது பச்சைப் பொய். அப்படி ஒரு பெடியன் இருந்திருந்தால் கிளறிற்றாவுக்கு முன்னமே குமுதினிக்குத் தெரிந்திருக்கும்.

நடந்ததைக் கேளுங்கள்.

பெனடிக்ற் பஸ் ஓட்டுகிற மனுசன். அவருடைய மனுசி அஞ்சலீனாவுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. மூத்தவள் மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்கிறாள், அதனால் இளையவளுக்கும் ஒரு வெள்ளைக் கோட்டுத்தான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அந்த நினைப்பில் இருந்தவர்களிடம்தான் கிளறிற்றா ஒரு நாள், சோற்றைப் பிசைந்துகொண்டே, தான் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கப்போவதாகச் சொன்னாள்.

"பூமரம் படிக்கப் போறியோ?" என்றார் பெனடிக்ற்.

"தாவரவியல், அப்பா."

"அதைத்தான் கேட்டனான். பூமரம்."

"பூமரம் மட்டுமில்லை. புல்லிருக்கு, பாசியிருக்கு."

"பாசியைத்தான் நான் ஞாயிற்றுக்கிழமையில பின்வளவுக் கல்லில இருந்து சுரண்டுறன். அதுக்கு ஒரு டிகிறி வேணுமெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

கிளறிற்றா சிரித்தாள். அவளுடைய சிரிப்பு அப்படி ஒரு சிரிப்பு. எதிராளி தான் வென்றுவிட்டதாக நினைப்பார், பத்து நிமிடம் கழித்துத்தான் தோற்றது தெரியும். அன்றும் அப்படித்தான். கை கழுவி எழும்பும்போது பெனடிக்ற் ஓர் ஒப்பந்தத்துக்கு உடன்பட்டிருந்தார். மூன்று வருடம் அவள் விரும்பினதைப் படிக்கலாம். முடிந்த பிறகு உருப்படியான வேலை கிடைக்காவிட்டால், டூட்டிங்கில் கணக்காளர் அலுவலகம் வைத்திருக்கிற தாய்மாமன் ஜெராட்டிடம் போய் உட்கார வேண்டும். ஜெராட் அதற்கென்றே யன்னலோரம் ஒரு சுழல்கதிரையை வெறுமையாக வைத்திருந்தான். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும், "இது என்ர மருமகளுக்கு" என்று அதைத் தட்டித் தட்டிக் காட்டுவான்.

பல்கலைக்கழகத்தில் முதல் கிழமையே வெங்காயத் தோலை உரித்துப் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார்கள். அதை வீட்டில் வந்து சொன்னதுதான் அவள் செய்த பிழை.

"வெங்காயம் உரிக்கிறதுக்கோ அவ்வளவு தூரம் ரயிலேறிப் போறாய்?" என்றாள் அஞ்சலீனா. "இஞ்ச ஒரு சாக்கு நிறையக் கிடக்கு, வா."

ஆனால் பிள்ளைக்குப் படிப்பு பிடித்துவிட்டது. மழையில் மேட்டுநிலங்களுக்குப் போய், தரையில் ஒரு சதுரச் சட்டத்தை வைத்து அதற்குள் எத்தனை வகைப் புல் என்று எண்ணுவார்கள். வீட்டுக்கு வரும்போது கால்மேசில் பாதிக் காடு ஒட்டிக்கொண்டு வரும். செடிகளை உலர்த்தப் பாரமான புத்தகம் வேண்டுமென்று தகப்பனின் பெரிய வேதாகமத்தை எடுத்துவிட்டாள். ஒரு பின்னேரம் செபத்துக்கு அதைத் திறந்த பெனடிக்ற், ஏசாயா புத்தகத்துக்குள் ஒரு சூரியகாந்தியே தட்டையாகக் கிடப்பதைக் கண்டு, செபத்தை நிறுத்தாமல் அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு மற்றப் பக்கத்தைத் திருப்பினார். அங்கே ஒரு பன்னச் செடி இருந்தது.

கோயில் வாசலில் ஒவ்வொரு ஞாயிறும் ஒரே கேள்விதான். படித்து என்ன வேலைக்குப் போவாள்? பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஒரு நாள் வைத்து ஆட்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்கள். விதை பாதுகாக்கிற இடம், காடு பார்க்கிற வேலை, மருந்துக் கொம்பனி, வாசனைத் தைலம், பியர் காய்ச்சுகிற இடம், கொலை நடந்த இடத்துச் சப்பாத்தில் ஒட்டின மகரந்தத்தைப் பார்த்து நீதிமன்றத்தில் சாட்சி சொல்லுகிற வேலை, விமான நிலையத்தில் வந்திறங்குகிற காய்கறிப் பெட்டிகளைத் திறந்து பூச்சியும் நோயும் பார்க்கிற வேலை என்று பெரிய பட்டியல். கிளறிற்றா அதை அப்படியே சொல்லியிருக்கலாம். சொன்னாளா? கேட்டவருக்கு ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தாள். ஒருவருக்குப் பியர், ஒருவருக்கு வாசனைத் தைலம், குமுதினிக்குக் கொலை.

அடுத்த கிழமை பஸ் நிறுத்தத்தில் பெனடிக்ற்றைப் பிடித்து, "அண்ணை, மகள் பொலிசில சேந்து சாராயம் காய்ச்சப் போறாவாம்" என்றாள் குமுதினி. அவர் கதவை மூடிப் பஸ்ஸை எடுத்துவிட்டார்.

வாய் அப்படிப் பகிடி பேசினாலும் சனத்துக்கு அவள் வேண்டியிருந்தாள். இலண்டன் குளிரில் கறிவேப்பிலை வளர்ப்பதென்றால் பிள்ளை வளர்ப்பதிலும் கஷ்டம். மாரி வந்தால் சாடியை வீட்டுக்குள் எடுத்து, ரேடியேற்றருக்குப் பக்கத்தில் வைத்து, பழைய சுவெற்றர் சுற்றி, ஆளில்லாத நேரம் அதோடு கதைக்கிறவர்களும் உண்டு. இலை மஞ்சளித்தால் கிளறிற்றாவைக் கூப்பிடுவார்கள். போவாள், இலையைத் திருப்பிப் பார்ப்பாள், "தண்ணியைக் குறையுங்கோ, அன்ரி, இது நெல்லில்லை" என்பாள். ஓய்வுபெற்ற தில்லையம்பலம் அண்ணையின் சாடியைப் பார்த்தவுடன், அது கறிவேப்பிலையே இல்லை, அழகுக்கு வளர்க்கிற வேறொரு செடி என்று சொல்லிவிட்டாள். அவர் பல வருடமாக அதைத்தான் பருப்புக்குப் போட்டு, இலண்டன் தண்ணீர் மணத்தைக் கொன்றுவிட்டதென்று சொல்லித் திரிந்தவர்.

இந்த இடத்தில் ஒரு விசயம் தெரிந்திருக்க வேண்டும். கறிவேப்பிலைக் கன்றைக் கேட்டு வாங்கினால் பட்டுப்போகும், களவெடுத்து நட்டால்தான் பிடிக்கும் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. ஊரிலும் அப்படி, இங்கேயும் அப்படி. அடிமரத்துக்குப் பக்கத்தில் முளைக்கிற குட்டிக் கன்றை, வீட்டுக்காரி தேத்தண்ணி ஊற்றப் போன நேரம் பிடுங்கிக் கைப்பைக்குள் வைத்துவிட வேண்டும். வீட்டுக்காரிக்கும் தெரியும், கேட்கமாட்டாள். ஆனால் களவெடுத்ததாக வெளியில் சொல்லவும் முடியாதே. அதனால் ஒவ்வொரு சாடிக்கும் ஒரு பிறப்புக்கதை இருந்தது. ஒன்று கரவெட்டிக் கிணற்றடியில் இருந்து பெட்டிக்குள் ஒளித்து வந்தது. ஒன்று மன்னாரில் சுவாமியார் ஆசீர்வதித்துக் கொடுத்தது. குமுதினியினுடையது அவளுடைய பேத்தியாரின் சீதனக் காணியில் நின்றதாம்.

கடைசி வருடம் கிளறிற்றா தானாக ஓர் ஆராய்ச்சி செய்ய வேண்டியிருந்தது. மற்றப் பிள்ளைகள் மலையேறிப் போக, இவள் மோர்டனிலும் டூட்டிங்கிலும் வீடு வீடாகப் போய்க் கறிவேப்பிலை ஆய்ந்தாள். இலையை அரைத்து அதற்குள் இருக்கிற டிஎன்ஏயைப் பார்த்தால் எந்த மரம் எந்த மரத்தின் உறவென்று தெரியுமாம். மனுசருக்குக் கைரேகை மாதிரி மரத்துக்கும் ஒன்று இருக்கிறது. வேரில் முளைத்த கன்றுக்குத் தாய்மரத்தின் ரேகை அச்சொட்டாக அப்படியே இருக்கும்.

இதைச் சொன்னதும் சனத்துக்குச் சந்தோசப் புளுகம் வந்துவிட்டது. தங்கள் தங்கள் ஊர் மரம் என்று விஞ்ஞானம் சொல்லப்போகிறதே. "வடிவா ஆராய்ஞ்சு சொல்லு பிள்ளை, எங்கட சீதன மரம்" என்று குமுதினி இரண்டு கொப்புக் கூடவே தந்தாள். கோடை ஒன்றுகூடலுக்குக் கோயில் மண்டபம் எடுத்திருந்தார்கள், முடிவை அங்கே சொல்லவேண்டும் என்று எல்லாருமாகக் கேட்டார்கள். கிளறிற்றாவும் சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

முடிவு வந்த அன்று அவள் பரிசோதனைக் கூடத்தில் தனியாக இருந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. அத்தனை வீட்டுக் கறிவேப்பிலையும் ஒரே மரம். கரவெட்டி, மன்னார், சீதனக் காணி எல்லாம் ஒரே ரேகை. எல்லாவற்றிலும் மூத்தது டூட்டிங்கில் சமையல் ஓடர் எடுத்துச் செய்கிற சந்திரவதனாவின் பின்வளவுக் கண்ணாடிக் கூட்டில் நின்ற மரம். விழா வைத்த ஒவ்வொரு முறையும் என் மரம் மெலியுது, கள்ளச் சாதியள் என்று பல வருடமாகக் கத்துகிறவள் அவள். அந்த மரத்தில் முதலில் கை வைத்தது ஆரென்று அறிய டிஎன்ஏ தேவைப்படவில்லை. மோர்டனுக்குள் முதன்முதல் கறிவேப்பிலை வளர்த்தவள் அஞ்சலீனா.

"அம்மா, எங்கட மரம் எங்க எடுத்தது?"

அஞ்சலீனா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "யாழ்ப்பாணத்தில."

"அம்மா."

"டூட்டிங்கில." கத்தி நிற்கவில்லை. "சந்திரவதனான்ர மூத்த பெட்டை பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கு. சீலைக் கொய்யகத்துக்குள்ள செருகிக்கொண்டு வந்தனான். போட்டோவிலயும் நிக்கிறன் அதோடை."

"கேட்டிருக்கலாமே."

"முதல் கேட்டுத்தான் வாங்கினனான். பட்டுப்போச்சு. பேந்துதான் எடுத்தனான். எடுத்தது இண்டைக்கும் நிக்குது, பார்."

அதற்குமேல் அவளிடம் பேச்சில்லை. பேச்சு பெனடிக்ற்றிடம் இருந்தது. ஏனென்றால் அதே கிழமைதான் கிளறிற்றாவுக்கு வேலை வந்திருந்தது. விமான நிலையத்தில் தாவரப் பரிசோதகர் வேலை. முதல் ரயில் ஓடத் தொடங்குவதற்கு முன்பே ஷிப்ட் தொடங்கும், அதனால் ஹவுன்ஸ்லோவில் ஓர் அறை எடுத்துத் தங்க வேண்டும். பெனடிக்ற் அதற்கு ஓமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை. பெட்டி கிண்டுவது ஒரு வேலையோ, கதிரையில் இருந்து செய்வதுதான் வேலை என்றார். கலியாணம் கட்டாத பிள்ளை தனியாக அறை எடுக்கிறதோ என்றார். இப்போது அவருக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது.

"மண்டபத்தில ஒவ்வொண்டும் ஒவ்வொரு ஊர் மரமெண்டு சொல்லிப்போட்டு வா. நீ ஹவுன்ஸ்லோ போறதுக்கு நான் ஒண்டும் சொல்லேன்."

"அது பொய், அப்பா."

"இலைதானே, பிள்ளை. இலைக்கு என்ன மானம் போகப் போகுது. உன்ர அம்மாவுக்குத்தான் போகும். அவவைக் கள்ளியாக்கினால், பேந்து இந்த வீட்டில ஹவுன்ஸ்லோ எண்ட பேச்சு எடுக்கக்கூடாது. ஜெராட்டின்ர கதிரைதான்."

அவளுக்குத் தகப்பனைத் தள்ளிவிட்டுப் போகவும் வயது வந்துவிட்டது, சட்டமும் இருந்தது. ஆனால் அவர் ஓம் சொல்லாமல் அந்த வாசலைக் கடக்க அவளுக்கு மனம் வராது. அது அவருக்கும் தெரியும். கிளறிற்றா உள்ளே போய்ப் பெட்டியை அடுக்கினாள், கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்தாள். முதலில் தடக்கினது பெனடிக்ற்தான்.

ஒன்றுகூடல் அன்று மண்டபம் நிறைந்திருந்தது. சந்திரவதனாதான் சாப்பாட்டு ஓடர். மீன் றோலும் வடையுமாகத் தட்டுகளை அடுக்கிவிட்டு அவளும் ஒரு மூலையில் கைகட்டி நின்றாள். தில்லையம்பலம் அண்ணை சைவம், ஆனால் றோல் உள்ள மண்டபம் எதையும் விடமாட்டார், மீனில்லாததைக் கேட்டு வாங்கி முன்வரிசையில் இருந்தார். பெனடிக்ற் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெராட் கழுத்துப்பட்டியோடு வந்திருந்தான்.

கிளறிற்றா ஒலிவாங்கியைப் பிடித்தாள். "முடிவு சொல்ல முதல் ஒரு கேள்வி. தங்கட கறிவேப்பிலையைக் கேட்டு வாங்கின ஆக்கள் கை உயர்த்துங்கோ."

ஒரு கை எழும்பியது. தில்லையம்பலம் அண்ணை.

"அண்ணை, உங்கட கறிவேப்பிலையில்லை. அண்டைக்கே சொன்னனான்."

"அதுதான் பிள்ளை நான் மட்டும் துணிஞ்சு உயர்த்தினனான்," என்றார் அவர், வாயில் வடையோடு.

சிரிப்பு அடங்குவதற்குள் அவள் சொல்லிவிட்டாள். எல்லாம் ஒரே மரம், எல்லாம் ஒரே வேரில் வந்த கன்று, மூத்தது சந்திரவதனா அன்ரியின் வளவில் நிற்கிறது. சிரித்தவர்கள் சிரித்தபடியே நின்றுவிட்டார்கள். எல்லார் கண்ணும் எல்லார் கைப்பையையும் பார்த்தது.

குமுதினிதான் முதலில் எழும்பினாள். "நான் சந்திரவதனாக்காவின்ர வாசல்படி மிதிச்சதே இல்லை. நான் எடுத்தது அஞ்சலீனாவிட்டை." தன்னைக் கள்ளியென்று தானே ஊருக்குச் சொல்லிவிட்டது அவளுக்குத் தெரியவில்லை. "அப்ப அஞ்சலீனா எங்கை எடுத்தவ? சொல்லு பிள்ளை. உன்ர அம்மாவின்ரயும் அதே மரமோ?"

கிளறிற்றா தகப்பனைப் பார்த்தாள். அவர் இப்போது சுவரைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். ஹவுன்ஸ்லோ அறையும் ஷிப்டும் அவள் சொல்லப்போகிற ஒரு சொல்லில் நின்றன.

"ஓம்," என்றாள்.

சந்திரவதனா மூலையிலிருந்து நடுவுக்கு வந்தாள். பல வருடத்துக் கோபம் அல்லவா, மெதுவாகத்தான் நடந்தாள். "அப்ப நான் சொன்னது சரி. என்ர மகளின்ர சடங்குக்கு வந்து வயிறு நிறையத் திண்டிட்டு, என்ர மரத்தில கை வச்சிருக்கிறியள். அஞ்சலீனா, எழும்பி இஞ்ச இவ்வளவு சனத்துக்கு முன்னால மன்னிப்புக் கேளும்."

அஞ்சலீனா எழும்பவில்லை. கிளறிற்றாதான் பேசினாள், நல்ல மரியாதையாக.

"அன்ரி, இன்னும் ஒண்டு மிச்சம் இருக்கு. எங்கட ரீச்சர் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி வேறை ஒரு இலை தந்தவ. சனம் டிக்கெட் எடுத்துப் பார்க்கிற ஒரு பெரிய கண்ணாடி வீட்டுத் தோட்டத்தில நிக்கிற மரத்தின்ர இலை. உங்கட மரமும் அந்த மரமும் அச்சொட்டா ஒண்டு."

மண்டபம் சந்திரவதனாவைப் பார்த்தது. அவள் ஒரு வடையை எடுத்தாள், வைத்தாள்.

"நான் டிக்கெட் எடுத்துத்தான் உள்ள போனனான்," என்றாள்.

அதற்குப் பிறகு எழும்பின சிரிப்பில் மண்டபக்காரர் வந்து கதவால் எட்டிப் பார்த்தார்கள். சந்திரவதனா கோபித்துப் பார்த்தாள், முடியவில்லை, அஞ்சலீனாவுக்குப் பக்கத்தில் போய் இருந்து, "எனக்கும் அங்க கேட்டு எடுத்திருந்தால் பட்டுத்தான் போயிருக்கும்" என்றாள். அஞ்சலீனா, "அதைத்தான் நானும் பிள்ளைக்குச் சொன்னனான்" என்றாள். அவர்கள் இரண்டு பேரும் அன்றிலிருந்து சிநேகிதம். கோபம் தீராதது குமுதினிக்குத்தான், ஏனென்றால் அந்த மண்டபத்தில் ஒருவரும் கேட்காமல் தானாக ஒத்துக்கொண்டவள் அவள் ஒருத்திதான். ஓடிப்போன கதை எங்கே முளைத்ததென்று இப்போது விளங்குகிறதா?

சனம் சிரித்தாலும் பெனடிக்ற் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஜெராட்டுக்கு ரெலிபோன் எடுத்து, கதிரையைத் துடைத்து வை, திங்கட்கிழமை பிள்ளை வருவாள் என்றார். கிளறிற்றா படியில் இருந்து அதைக் கேட்டாள். வாக்குக்கு வாக்கு. மண்டபத்தில் அவள் தன் வாக்கைக் காப்பாற்றினாள், தகப்பன் தன்னுடையதைக் காப்பாற்றுகிறார், அவள் என்ன சொல்ல?

அடுத்த நாள் பின்னேரம் ஜெராட் வந்தான். கேக் ஒன்றும் கொண்டு வந்தான். நல்ல செய்தி கொண்டு வருகிறவன் கேக் கொண்டு வருகிற வழக்கமில்லை. நடுக்கூடத்துப் பெட்டியைச் சுற்றிவந்து இருந்தான்.

"அத்தான், அந்தக் கதிரை விசயம்."

"துடைச்சிட்டியோ?"

"துடைச்சிட்டன். ஆனால் யோசிச்சுப் பார்த்தன்." கழுத்துப்பட்டியைத் தளர்த்தினான். "என்ர ஒபிசுக்கு வாறதுகள் கடைக்காரர், சாப்பாட்டுக் கடை வச்சிருக்கிறதுகள். அதுகள் என்னட்டை ஒரு மாதிரிச் சொல்லும், நான் ஒரு மாதிரி எழுதுவன். பெரிய களவில்லை அத்தான், கறிவேப்பிலைக் களவு மாதிரித்தான். இவள் பக்கத்தில இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பாளோ?"

பெனடிக்ற் கேக்கைத் தள்ளி வைத்தார்.

"சொந்தத் தாயை ஒலிவாங்கியில காட்டிக் குடுத்தவள். என்னை விடுவாளோ? எனக்கு ரெண்டு பிள்ளையள் படிக்குதுகள், அத்தான்."

படியில் இருந்த கிளறிற்றா வாயைப் பொத்தினாள். அஞ்சலீனா குசினிக்குள் இருந்தபடியே கேக்கை வெட்டச் சொல்லிக் கத்தி கொடுத்தனுப்பினாள்.

பெனடிக்ற் நெடுநேரம் யோசித்தார். பஸ் ஓட்டுகிறவருக்கு யோசித்துப் பழக்கம், சிவப்பு விளக்குகள் நிறைய. கடைசியில் ஜெராட்டிடம்தான் கேட்டார், மகளிடம் அல்ல. "அந்த விமான நிலைய வேலையில பொய் சொல்லச் சொல்லி ஆரும் வந்து கேப்பினமோ?"

"கேப்பினம் அத்தான். எங்கட சனமே மாம்பழப் பெட்டியோடை வந்து கேக்கும். தங்கச்சி, ஒருக்கால் கண்ணை மூடுங்கோ எண்டு."

"தாய்க்கே மூடாதவள்," என்றார் பெனடிக்ற். அந்தக் குரலில் கோபம் இருந்தது, ஆனால் அதற்குள் வேறொன்றும் இருந்தது, கோயில் வாசலில் மூத்தவளைப் பற்றிச் சொல்லும்போது வருகிற ஒன்று. "ஆரின்ர பெட்டிக்கு மூடப் போறாள்."

கிளறிற்றா படியால் இறங்கி வந்தாள். "அப்ப போகட்டோ, அப்பா?"

"இந்தப் பெட்டியில தடக்கித் தடக்கி என்ர கால்விரல் வீங்கிப்போச்சு," என்றார் அவர். "கொண்டு போ."

அவள் போனது ஒரு சனிக்கிழமை, நல்ல வெயில், தெருவில் எல்லாரும் காருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த நேரம். சந்திரவதனா ஒரு தட்டு றோல் அனுப்பியிருந்தாள். அஞ்சலீனா மீன்குழம்பைப் போத்தலில் ஊற்றி, அதைப் பையில் கட்டி, பையைத் துவாயில் சுற்றி, சரித்துப் பிடிக்காதே என்று வாசலில் நின்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஹவுன்ஸ்லோவிலும் மீன் விற்கிறார்கள் என்று கிளறிற்றா சொன்னது அவள் காதில் விழவில்லை.

பெனடிக்ற்றுக்கு அன்று மத்தியானத்துக்குப் பிறகுதான் ஷிப்ட், ஆனாலும் சீருடை போட்டு ஆயத்தமாக நின்றார். ஹவுன்ஸ்லோவிலிருந்து வீட்டுக்கு வர எந்த பஸ் எடுக்க வேண்டும், எங்கே மாற வேண்டும், ஞாயிற்றுக்கிழமையில் எது பிந்தும் என்று அவர் சொல்லிக்கொண்டு போனார். போனில் பார்த்தால் தெரியும் அப்பா என்று அவள் சொல்லவில்லை. முழுவதையும் கேட்டாள்.

"போட்டு வாறன்," என்றாள்.

பெனடிக்ற் முன்கதவைத் திறந்து, கையை அதில் வைத்தபடி ஒதுங்கி நின்றார், பஸ்ஸில் கடைசி ஆளும் இறங்கி முடியும்வரை கதவை மூடாமல் நிற்கிற மாதிரி. ஒரு கையில் பெட்டி, மறு கையில் சரியாத குழம்பு. கிளறிற்றா இறங்கிப் போனாள்.